விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் விக்கைக் கழற்ற வேண்டுமா? விதிகளும் நடைமுறையும்

புதுதில்லி: புற்றுநோய் சிகிச்சையில் முடி இழந்தவர்கள், திட்டுத் திட்டாக முடி உதிரும் அலோபீசியா பாதிப்பு உள்ளவர்கள், வழுக்கையை மறைக்க ஹேர் பேட்ச் பொருத்திக்கொண்டவர்கள், அமிலவீச்சுக்கு உள்ளானவர்கள், திருநங்கையர், மேடைக் கலைஞர்கள் எனப் பலதரப்பினரும் விக் அணிந்தே விமானப் பயணம் மேற்கொள்கின்றனர். இவர்களில் பலருக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போதே ஓர் அச்சம் எழுகிறது. பாதுகாப்புச் சோதனையின்போது வரிசையில் நிற்கும் அத்தனை பேர் முன்னிலையிலும் விக்கைக் கழற்றச் சொல்வார்களோ என்பதே அது.

இந்திய விமான நிலையங்களில் விக் தடை செய்யப்பட்ட பொருள் அல்ல. அதை அணிந்தபடியே சோதனையைக் கடக்கலாம். பெரும்பாலான பயணிகள் அவ்வாறே கடந்தும் செல்கின்றனர். ஆயினும், அது சோதனையிலிருந்து விலக்குப் பெற்ற பொருளும் அல்ல. தலையில் எது இருந்தாலும் அதன் அடியில் வேறு எதுவும் இல்லை என்று பாதுகாப்பு அலுவலர் உறுதி செய்துகொள்ள வேண்டும். அந்த உறுதியை எவ்வாறு பெறுகிறார், எந்த இடத்தில் வைத்துப் பெறுகிறார் என்பதில்தான் பயணியின் கண்ணியம் அடங்கியிருக்கிறது.

சோதனை யார் பொறுப்பு?

விமான நிலையப் பாதுகாப்புக்கான விதிமுறைகளை வகுப்பது, மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பிசிஏஎஸ் எனப்படும் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். 1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டதை அடுத்து, 1978-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒரு பிரிவாக இது தொடங்கப்பட்டது. 1985-இல் நேர்ந்த கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்புக்குப் பின்னர், 1987 ஏப்ரலில் தனித் துறையாக்கப்பட்டது.

வகுக்கப்பட்ட விதிகளைச் சோதனை மேடையில் நடைமுறைப்படுத்துவது, நாட்டின் 60-க்கும் மேற்பட்ட விமான நிலையங்களில் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பணி. 1999 டிசம்பரில் ஐசி-814 விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பிறகு, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி இப்படை படிப்படியாக விமான நிலையங்களின் பொறுப்பை ஏற்றது.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் பயணியைச் சோதிக்கும் சுங்கத் துறை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. விமானம் ஏறும் முன் நடைபெறும் சோதனை ஆயுதத்தையும் வெடிபொருளையும் தேடுகிறது. தரையிறங்கிய பின் நடைபெறும் சுங்கச் சோதனை தங்கம், போதைப்பொருள், வெளிநாட்டுப் பணம் ஆகியவற்றைத் தேடுகிறது. விக் அணிந்தவர்கள் இவ்வேறுபாட்டை நினைவில் கொள்வது நல்லது. அவர்கள் மீதான ஐயம் பெரும்பாலும் இரண்டாவது சோதனையில் பிடிபட்டவர்களால் விளைந்தது.

கருவி காண்பது என்ன?

பயணி நடந்து கடக்கும் நிலைவாசல் போன்ற மெட்டல் டிடெக்டர், தன்னைச் சுற்றி மின்காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அதனுள் உலோகம் வந்தால் அதில் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். அதனால் புலத்தில் ஏற்படும் மாற்றத்தையே கருவி ஒலியாக எழுப்புகிறது. மனித முடியோ, செயற்கை இழையோ, அவை கோக்கப்பட்டிருக்கும் வலைத்துணியோ இக்கருவியின் கண்ணுக்குப் படுவதில்லை. அதன் கண்ணில் படக்கூடியவை கிளிப்புகள்தாம்.

வழுக்கையின் மீது மட்டும் பொருத்தப்படும் ஹேர் பேட்ச் வகைகளில், எஞ்சியிருக்கும் சொந்த முடியைப் பற்றிக்கொள்ளும் வகையில் ஓரங்களில் 'டக்'கென்று மூடும் உலோகக் கிளிப்புகள் தைக்கப்பட்டிருக்கும். முழுத்தலை விக்குகளில் பிடரிப் பகுதியில் அளவைச் சரிசெய்யும் கொக்கிகள் இருக்கலாம். பெண்கள் சவுரி முடியை நிறுத்தக் கொண்டை ஊசிகளைச் செருகுவதும் உண்டு. நிலைவாசல் கருவி இச்சிறு உலோகங்களைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும், கையால் பிடித்துச் சோதிக்கும் கருவி தலையருகே வரும்போது ஒலிக்க வாய்ப்பு அதிகம். பல வெளிநாடுகளில் எச்சரிக்கை ஒலித்தால் மட்டுமே பயணியைத் தனியே நிறுத்திச் சோதிப்பார்கள். இந்தியாவிலோ நிலைவாசலைக் கடந்த ஒவ்வொருவரையும் கைக்கருவியாலும் கையாலும் சோதிப்பது நெடுங்கால வழக்கம். ஆகவே, விக்கில் உலோகம் இருந்தால் அது இங்கே தெரியவருவதற்கான வாய்ப்பு கூடுதல்.

பசை அல்லது இருபுற டேப் கொண்டு ஒட்டப்படும் பேட்சுகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் அவற்றில் வேறொரு சிக்கல் உண்டு. இவை ஒருமுறை ஒட்டினால் வாரக்கணக்கில் தலையிலேயே இருப்பவை. கரைப்பான் இன்றி இவற்றை அந்த இடத்திலேயே பிரித்தெடுத்தல் இயலாது. வலிந்து இழுத்தால் தோல் உரியும். 'கழற்றிக் காட்டுங்கள்' என்ற கட்டளையை இவ்வகை அணிந்தவர் நிறைவேற்றவே முடியாது என்பதை அலுவலரிடம் முன்னரே கூறிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. விரல் நுனிகளால் அழுத்திப் பார்ப்பதும் கைக்கருவியை மெதுவாகத் தலையின் மீது நகர்த்துவதுமே அப்போது உள்ள வழி.

முழு உடல் ஸ்கேனர்கள் பரவலாகும்போது நிலைமை சற்று மாறும். பதற்றம் மிகுந்தவை எனவும் பதற்றமானவை எனவும் வகைப்படுத்தப்பட்ட 84 விமான நிலையங்களில் இவற்றை நிறுவுமாறு 2019-இல் பிசிஏஎஸ் அறிவுறுத்தியது. பணி எதிர்பார்த்த வேகத்தில் நடைபெறவில்லை. தில்லியில் 2025-இலும் சோதனை ஓட்டமே நடத்தப்பட்டது. இக்கருவிகள் வெளியிடும் மில்லிமீட்டர் அலைகள் ஆடையை ஊடுருவி, உடலின் மீது பட்டுத் திரும்புகின்றன. உலோகம் மட்டுமின்றி, இயல்பான உடல் வடிவத்துக்குப் பொருந்தாத எந்தத் திரட்சியையும் கருவி குறித்துக் காட்டும். அடர்ந்த முடி, இறுகப் பின்னிய சடை, கொண்டை, விக் ஆகியன இத்தகைய குறிப்புகளை எழுப்புவது வெளிநாட்டு அனுபவம். திரையில் தெரிவது பயணியின் உண்மை உருவம் அன்று, பொதுவான ஒரு மனிதக் கோட்டுருவமே. அதில் தலைப்பகுதியில் ஒரு கட்டம் ஒளிரும்; பிறகு கையால் சோதிப்பார்கள்.

திரைக்குள் ஒரு நீதி, வெளியே ஒரு நீதி

இந்திய விமான நிலையங்களில் பெண் பயணிகளைத் திரையிட்ட தடுப்புக்குள் பெண் காவலரே சோதிக்கிறார். தலையில் விக் இருப்பதைத் தாழ்ந்த குரலில் அவரிடம் சொல்லிவிடலாம்; சற்றே விலக்கிக் காட்ட நேர்ந்தாலும் பிறர் பார்வைக்கு அது தெரியாது. மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்டு சிலிக்கான் மார்பகம் அணிந்தவர்களுக்கும், மருந்து செலுத்துவதற்காக மார்புத் தோலின் அடியில் கீமோ போர்ட் பதிக்கப்பட்டவர்களுக்கும் இதே தடுப்பு பயன்படுகிறது. விக் அணியும் புற்றுநோயாளிகள் பலருக்கு இம்மூன்றும் ஒருங்கே இருக்கக்கூடும் என்பதால், கை படும் முன்னரே மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுவது உகந்தது.

ஆண்களுக்கு இந்த ஏற்பாடு இயல்பாகக் கிடைப்பதில்லை. அவர்கள் திறந்த வெளியில், சிறு மேடையொன்றின் மீது கைகளை விரித்து நிற்க, பின்னால் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே சோதிக்கப்படுகின்றனர். ஆணின் வழுக்கையைக் கேலிப்பொருளாகவே திரைப்படங்கள் பழக்கியிருக்கும் சமூகத்தில், உடன் பயணிக்கும் அலுவலக நண்பர்களுக்குக்கூடத் தெரியாமல் பேட்ச் அணிபவர்கள் ஏராளம். அவர்களுக்கு மறைவிடம் தேவை என்பது யாருக்கும் தானாகத் தோன்றுவதில்லை. தனியறையில் சோதிக்குமாறு அவர்களும் கேட்கலாம். அவ்வாறு கேட்பது பயணியைச் சந்தேக நபராக்கிவிடாது. ஆனால் கேட்காவிட்டால் அது கிடைக்காது. கைக்கருவி ஒலித்த பிறகு அனைவர் முன்னிலையிலும் விளக்கம் கூறுவதைவிட, மேடையில் ஏறும்போதே 'பேட்ச் அணிந்திருக்கிறேன், தனியாகச் சோதிக்க முடியுமா?' என்று கேட்பது எளிது.

திருநங்கையருக்கு எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வி முதலில் எழுகிறது. விக் அதற்குப் பின்னரே வருகிறது. தாம் உணரும் பாலினத்தால் அறியப்படும் உரிமையை 2019-இல் இயற்றப்பட்டபோது திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் அளித்தது. அடையாள அட்டையில் பழைய பெயரும் பழைய படமும் இருக்கும் நிலையில், தலையிலிருந்து விக் நீக்கப்படுவது அவர்களுக்கு வெறும் சங்கடமாக முடிவதில்லை. அவர்களது பாலினத்தையே பொதுவெளியில் விவாதப் பொருளாக்கிவிடுகிறது.

ஐயத்தின் வேர்

அலுவலர்கள் விக்கை ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019 அக்டோபரில் ஷார்ஜாவிலிருந்து கொச்சி வந்த பயணி ஒருவர், உச்சந்தலை முடியை மழித்துவிட்டு அங்கே ஒரு கிலோவுக்கும் மேற்பட்ட தங்கப் பசையை வைத்து, அதன் மேல் விக் அணிந்து வந்து சுங்க அதிகாரிகளிடம் பிடிபட்டார். 2021 மார்ச்சில் சென்னை விமான நிலையத்தில் துபாயிலிருந்து வந்த பயணிகளிடமும் இதே உத்தி வெளிப்பட்டது. 2019-இல் ஸ்பெயினின் பார்சிலோனா விமான நிலையத்தில், கொலம்பியாவிலிருந்து வந்தவரின் விக்குக்கு அடியில் ஏறத்தாழ அரை கிலோ கொக்கைன் இருந்தது.

இச்சம்பவங்களில் காட்டிக்கொடுத்தது விக்கின் பொருந்தாத தோற்றம். தலைக்கும் விக்குக்கும் இடையே ஒரு பொட்டலம் இருந்தால் அது இயல்புக்கு மாறாக மேலே தூக்கி நிற்கும். நோயால் முடி இழந்தவரின் விக் தலையோடு ஒட்டிப் படிந்திருக்கும்; கையை வைத்த சில நொடிகளில் பயிற்சி பெற்ற அலுவலருக்கு வேறுபாடு புரிந்துவிடும். பெரும்பாலான வேளைகளில் தொட்டுப் பார்ப்பதே போதும், கழற்றுவதற்குத் தேவை எழாது என்று கொள்வதற்கு இதுவே அடிப்படை. கடத்தல்காரர் சிலர் பிடிபட்டதைக் காட்டி, விக் அணிந்த அனைவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது சோதனையைக் கூர்மையாக்காது.

செயற்கைக் கால் கற்பித்தது

இத்தகைய சிக்கலை நாடு முழுவதும் பேசவைத்தவர் நடனக் கலைஞரும் நடிகையுமான சுதா சந்திரன். 1981-இல் தமிழகத்தில் நேர்ந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறியவர் அவர். ஒவ்வொரு பயணத்திலும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்வது குறித்து 2021 அக்டோபரில் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்துக் காணொளி வெளியிட்டார். மத்திய தொழில் பாதுகாப்புப் படை அவரிடம் வருத்தம் தெரிவித்ததுடன், விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும் என்பதே விதிமுறை என்றும் விளக்கியது.

சிறப்புத் தேவைகளும் மருத்துவக் காரணங்களும் உள்ள பயணிகளைச் சோதிப்பதற்கென 2014-இலேயே பிசிஏஎஸ் சுற்றறிக்கை வெளியிட்டிருந்தது. ஏட்டில் இருந்த விதி, சோதனை மேடையில் நின்றவரின் கைக்கு ஏழு ஆண்டுகளாகியும் முழுமையாக வந்துசேரவில்லை என்பதையே அந்நிகழ்வு காட்டியது.

விக் அணிபவர்களின் நிலை இதைவிடத் தெளிவற்றது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் அமிலவீச்சுக்கு உள்ளானவர்கள் இடம்பெற்றுள்ளனர். அலோபீசியா அதில் இல்லை. செயற்கைக் கால் ஓர் உறுப்பாகக் கருதப்படுகிறது. விக் அழகுப் பொருளாகவே பார்க்கப்படுகிறது. கீமோதெரபியின் நடுவே சிகிச்சைக்காகவே ஊர் விட்டு ஊர் பறப்பவருக்கு இந்தப் பாகுபாடு பொருந்தாது.

பயணத்துக்கு முன்

மருத்துவக் காரணத்துக்காக விக் அணிபவர்கள், மருத்துவமனையின் முகவரித்தாளில் சில வரிகள் கொண்ட கடிதம் ஒன்றை வைத்திருப்பது உதவும். இதைக் காட்டினால் சோதனையே கிடையாது என்று எண்ணிவிடக் கூடாது. வரிசையில் நின்று உரத்த குரலில் நோயைப் பற்றிப் பேச வேண்டிய தேவையை இது தவிர்க்கும். கடிதத்தை நீட்டினால் போதும், அலுவலர் படித்துக்கொள்வார். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருப்பவர்கள், தலையைத் தொடும் முன் புதிய கையுறை அணியுமாறு அலுவலரைக் கேட்டுக்கொள்ளலாம்.

அடையாள அட்டைப் படத்தில் விக் இல்லாமலும் நேரில் விக்குடனும் இருப்பது பொதுவாகப் பெரிய தடையாவதில்லை. கண், மூக்கு, முகவாய் ஆகியவற்றைக் கொண்டே முகம் ஒப்பிடப்படுகிறது. ஆனால் கீமோதெரபியில் புருவமும் இமை முடியும் உதிர்ந்துவிடும். எடை குறைந்து முகமும் ஒடுங்கும். தலைமுடியைக் காட்டிலும் இதுவே ஒருவரை அடையாளம் தெரியாமல் ஆக்குகிறது. குடிவரவு மேடையில் கேள்வி எழும்போது மருத்துவரின் கடிதம் அங்கே கூடுதல் பயன் தரும். 2022 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள முகம் அறியும் டிஜி யாத்ரா வசதியைப் பயன்படுத்துவோர், பயண நாளில் இருக்கப்போகும் தோற்றத்திலேயே செயலியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இவ்வசதி கட்டாயமன்று, வழக்கமான வாயில் வழியாகவும் செல்லலாம்.

உலோகக் கிளிப்புகளுக்குப் பதிலாக பிளாஸ்டிக் அல்லது சிலிக்கான் பிடிப்புகள் கொண்ட விக்கைப் பயண நாளில் அணிந்தால் கைக்கருவி ஒலிப்பதைப் பெரிதும் தவிர்க்கலாம். கைப்பையில் மெல்லிய பருத்தித் தொப்பி அல்லது தலைத்துண்டு, சிறு கண்ணாடி, சீப்பு ஆகியவை இருக்கட்டும். தனியறையில் விக்கை விலக்க நேர்ந்தால் தலையை மூடிக்கொள்ளவும், மீண்டும் அணியும்போது சரிபார்க்கவும் இவை வேண்டும். பல தனியறைகளில் கண்ணாடி இருப்பதில்லை.

மாற்று விக்கைக் கைப்பையில் கொண்டுசெல்லத் தடை இல்லை. அதை மாட்டி வைக்கும் பொம்மைத் தலையை எடுத்துச் சென்றால் எக்ஸ்-ரே திரையில் அது விந்தையாகத் தோன்றி, பையைத் திறக்க வைக்கக்கூடும். பன்னாட்டுப் பயணத்தில் திரவப் பொருள்கள் 100 மில்லிலிட்டருக்கு மிகாத புட்டிகளில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு விக் பசைக்கும் ஸ்பிரேவுக்கும் பொருந்தும். பசை நீக்கும் கரைப்பான்களில் பல எளிதில் தீப்பற்றுபவை. அவற்றை எடுத்துச் செல்வதற்கு முன் விமான நிறுவனத்தின் ஆபத்தான பொருள்கள் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். பெட்டி நிறைய விக் கொண்டுசென்றால் அது சொந்தப் பயன்பாடா வணிகமா என்ற கேள்வியைச் சுங்கத் துறை எழுப்பும். கோயில்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடி உட்பட, உலக விக் சந்தைக்குப் பெருமளவில் மனித முடியை ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா என்பதால் இக்கேள்வி இயல்பானதே.

வெளிநாட்டில்

அமெரிக்காவில் டிஎஸ்ஏ எனப்படும் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், விக் அணிந்து சோதனையைக் கடக்க அனுமதிக்கிறது. தேவை எனக் கருதினால் தலையைத் தொட்டுச் சோதிக்கும். தனியறையில், தன் பாலினத்தைச் சேர்ந்த அலுவலரால், உடன் வருபவர் ஒருவரின் முன்னிலையில் சோதிக்கப்படும்படி பயணி கோரலாம். மருத்துவக் காரணம் உள்ளவர்கள் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பாக அந்நிர்வாகத்தின் உதவிப் பிரிவைத் தொடர்புகொண்டு வழிகாட்டுதல் பெறவும் ஏற்பாடு உண்டு.

அந்நாட்டில் இந்த விவகாரம் நிற வேறுபாட்டோடும் பிணைந்தது. தங்கள் முடியை மட்டும் திரும்பத் திரும்பக் கையால் துழாவுவதாகக் கறுப்பினப் பெண்கள் முறையிட்டதன் விளைவாக, அலுவலர்களுக்கு மறுபயிற்சி அளிக்க 2015-இல் டிஎஸ்ஏ ஒப்புக்கொண்டது. ஆட்களின் போக்கு மட்டுமே காரணம் அன்று. அடர்ந்த முடியையும் விக்கையும் உடல் ஸ்கேனர்கள் சரிவரக் கையாள்வதில்லை என்பதும் பின்னர் வெளிச்சத்துக்கு வந்தது. தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு அங்கே வேறொரு வழியும் உண்டு. பயணி தம் தலைப்பாகையைத் தாமே கைகளால் அழுத்தித் தடவ வேண்டும். பிறகு அவரது உள்ளங்கைகள் துணித்துண்டால் துடைக்கப்பட்டு, வெடிபொருளின் தடயம் உள்ளதா எனக் கருவியில் பார்க்கப்படும். அந்நியர் கை தலையில் படாமலேயே சோதனை நிறைவுறும் இம்முறை, விக் அணிபவர்களுக்கும் ஏற்றதாகவே தோன்றுகிறது.

முறையீடு

அனைவர் முன்னிலையிலும் விக்கைக் கழற்றுமாறு கூறப்பட்டால், மறுத்து வாதிடுவதைவிடப் பணியில் உள்ள மேலலுவலரை அழைக்குமாறு கேட்பதே பயன் தரும். சோதனைக்கு முற்றிலும் உடன்படாதவரை விமானம் ஏற அனுமதிக்க மாட்டார்கள் என்பதால், சோதனையின் தேவையை ஏற்றுக்கொண்டு இடத்தையும் முறையையும் மட்டும் மாற்றக் கோருவது பொருத்தமானது. அதற்கான அவகாசத்தையும் கணக்கிட்டு, வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே விமான நிலையம் சென்றுவிட வேண்டும்.

நேர்ந்த அவமதிப்பு குறித்துச் சோதனைப் பகுதியில் உள்ள பொறுப்பு அலுவலரிடம் எழுத்து வடிவில் புகார் அளிக்கலாம். விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் தொடங்கிய ஏர்சேவா இணையதளத்திலும் செயலியிலும் பதிவு செய்யலாம். விமான எண், நாள், நேரம், சோதனை மேடையின் எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டால், அவ்வேளையில் பணியில் இருந்தவர்களையும் கண்காணிப்புக் கேமராப் பதிவையும் அடையாளம் காண்பது எளிதாகும். கேமராப் பதிவுகள் காலவரையின்றிப் பாதுகாக்கப்படுவதில்லை என்பதால் புகாரை அன்றே அளித்துவிடுவது நல்லது.